டிக்கட் வெட்டியாச்சு, இனி என்ன? பாரிசவாதம், எலும்பு முறிவு, கால் இழப்புக்குப் பிறகான பயிற்சிச் சிகிச்சை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டில் இருக்கும்வரை மிஸ்மார் (தாதிமார்) பார்த்துக்கொள்கிறார்கள். டிக்கட் வெட்டி (வீட்டுக்குப் போகலாம் என்று எழுதி), மருந்துப் பொட்டலத்தையும் கிளினிக் கொப்பியையும் கையில் கொடுத்து, ஆட்டோ பிடித்து லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. தோட்டங்களில் இப்படியான வீடுகளுக்குப் போய்வரும் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். உங்கள் நோயாளியை நேரில் பார்த்த டொக்டரோ சிகிச்சையாளரோ வேறு மாதிரிச் சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பிசியோ, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பிசியோதெரபி உடல் அசைவைப் பார்க்கிறது: படுக்கையில் புரள்வது, உட்காருவது, எழும்புவது, நடப்பது, மூட்டு இறுகிப்போகாமல் வைத்திருப்பது. வைத்தியசாலைப் போர்டில் 'இயன்மருத்துவம்' என்று எழுதியிருப்பார்கள். தொழில்வழிச் சிகிச்சை என்றதும் வேலை எடுத்துத் தருவார்கள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது சட்டை போடுவது, பல் விளக்குவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, குளிப்பது, அடுப்படியில் நிற்பது போன்ற அன்றாடக் காரியங்களைத் திரும்பச் செய்யப் பழக்குவது. கையின் நுணுக்கமான அசைவும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. பேச்சுச் சிகிச்சையாளர் பேச்சோடு விழுங்குவதையும் பார்ப்பார். இந்த இரண்டாவது விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் வரும் ஆபத்து பெரியது, கீழே விவரமாக வருகிறது.

பாரிசவாதம் (பக்கவாதம், ஸ்ட்ரோக்) வந்த ஒருவருக்கு மூன்றும் தேவைப்படலாம். இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிக்கு முதல் இரண்டும் போதும்.

இங்கே எங்கெங்கே கிடைக்கும்?

அரச வைத்தியசாலைகளில் இலவசம். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, பதுளை, நுவரெலியா வைத்தியசாலைகள்தான் நம் பக்கத்தவர்கள் வழமையாகப் போகுமிடங்கள். சிறுபிள்ளைகள் என்றால் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. தங்கியிருந்து பயிற்சி பெற வேண்டிய நிலையில் உள்ளவர்களைக் கண்டிக்கு அருகே திகனவில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கோ அனுப்புவதுண்டு. அதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். இடம் கிடைக்கக் காத்திருக்கவும் நேரிடும். டிக்கட் வெட்டுவதற்கு முன்பே, வாட்டிலேயே, "சேர், புனர்வாழ்வுக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கேட்டால் சுற்று வழி.

ஊருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் பிசியோ கிடைத்தாலும் கிடைக்கும், பேச்சுச் சிகிச்சை கிடைப்பது அரிது. பஸ் ஏறும் முன் போன் பண்ணி எந்தக் கிழமையில் நடக்கிறது என்று கேளுங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் போய், "இன்றைக்கு கிளினிக் இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

எப்போது தொடங்க வேண்டும்? மூன்று மாதம் தாண்டினால் பயனில்லை என்கிறார்களே?

பாரிசவாதத்தில், நிலைமை கட்டுப்பாட்டுக்கு வந்ததும் வைத்தியசாலையிலேயே ஓரிரு நாட்களுக்குள் தொடங்கிவிடுவார்கள். முதல் 24 மணி நேரத்திலேயே பலவந்தமாக எழுப்பி நடக்க வைப்பது நல்லதல்ல. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம்வரை நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு மெதுவாகும். மெதுவாகும் என்பதை நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வருடம் கழித்துத் தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தொடங்கியவர்கள் உண்டு.

ஆனாலும் "முதலில் உடம்பு தேறட்டும், அப்புறம் பயிற்சி" என்று தள்ளிப்போட வேண்டாம். அசையாமல் கிடக்கும் மூட்டு சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய தோளைப் பிரிப்பது, இறுகாமல் வைத்திருப்பதைவிடப் பல மடங்கு வேதனையான வேலை.

மாதத்தில் ஒரு தடவைதான் கிளினிக்குப் போக முடிகிறது. அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்துவிடப் போகிறது?

எங்களிடம் வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். தினமும் பிசியோ அறைக்குப் போக நம்மால் முடியாது. ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, கூடப் போகிறவரின் சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். ஆகவே கிளினிக்கைச் சிகிச்சை நடக்கும் இடமாகப் பார்க்காமல், வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். மூளை திரும்பப் பழகுவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான். அந்தத் 'திரும்பத் திரும்ப' லயத்துக் காம்பராவில்தான் நடக்க வேண்டும்.

அதனால் முதலில், வீட்டில் உண்மையாகப் பராமரிக்கிறவர் கிளினிக்குக்குப் போக வேண்டும். பெரும்பாலும் லீவு கிடைத்த மகன் கூட்டிப்போவார், வீட்டில் தூக்கி நிறுத்துவது மருமகளாக இருக்கும். பிசியோ மிஸ் சொல்லிக்கொடுத்தது மகனின் தலையில் ஏறி, மறுநாள் அவரோடு கொழும்புக்குப் போய்விடும். இரண்டாவது, மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு, பயிற்சியைப் போனில் வீடியோ எடுங்கள். "மிஸ், வீட்டில் மறக்காமல் செய்ய ஒரு வீடியோ எடுக்கவா?" என்றால் அநேகமாக மறுக்க மாட்டார்கள். மூன்றாவது, அவர் செய்து காட்டியதை அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்துவார். கடைசியாக, உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்: கட்டில் எவ்வளவு உயரம், வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எவ்வளவு தூரம். சொல்லாவிட்டால் சமதரையில் உள்ள வீட்டை மனதில் வைத்துத்தான் அவர் பயிற்சி கொடுப்பார்.

வீட்டில் ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகச் செய்து நோயாளியைக் களைக்க வைப்பதைவிட, பத்துப் பத்துத் தடவையாக நாளுக்கு மூன்று நாலு வேளை செய்வது நல்லது. காலைத் தேத்தண்ணிக்கு முன், பகல் சாப்பாட்டுக்கு முன், மலையிலிருந்து வந்து கைகால் கழுவியபின் என்று ஏதாவது ஒரு வழக்கத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

ஓரளவு உட்காரக்கூடியவர்களுக்கு நாங்கள் அதிகம் பார்த்தது, உட்கார்ந்து எழும்பும் பயிற்சி. உறுதியான கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, பிறகு எழும்ப வேண்டும். நிமிர்ந்தபடியே எழும்பப் பார்க்கும்போதுதான் பின்னால் விழுவது நடக்கிறது. நீங்கள் அவரின் சுகமில்லாத பக்கத்தில் நில்லுங்கள். இதை உங்கள் நோயாளிக்குச் செய்யலாமா என்று பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படுக்கையில் இருப்பவரை எப்படித் தூக்குவது?

வாதம் அடித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்குவதும் அதே தவறுதான். தசை சோர்ந்திருக்கும்போது தோள்மூட்டைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. இழுத்தால் எலும்பு இடம் விலகும். பிறகு ஆறு மாதம் தோள்வலி, வலியால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாததால் இறுக்கம். உதவிக்கு வரும் அயல்வீட்டு அண்ணன்மார் நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியத்தை யாராவது தடுத்தே ஆக வேண்டும். வாசல் கதவில் "வலது கையை இழுக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டிய வீடு ஒன்றைப் பார்த்தோம். நல்ல யோசனை.

எழுப்பும்போது முதலில் பக்கவாட்டில் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கைகொடுத்து உட்கார வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சுகமில்லாத கையைத் தலையணை மேல் வையுங்கள், தொங்கவிட வேண்டாம்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு, பிட்டத்தின் மேல் எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்து, அமுக்கி விட்டாலும் நிறம் மாறாமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது. அந்தப் பக்கம் படுக்க விடாமல், உடனே தோட்ட டிஸ்பென்சரியிலாவது காட்டுங்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா? ஒத்தடம்? புறா ரத்தம்?

லேசாக எண்ணெய் தடவிவிடுவதில் தப்பில்லை. ஆளுக்கு ஆறுதலாகவும் இருக்கும், தொட்டுப் பேச ஒரு சாக்கும் கிடைக்கும். பலமாக முறுக்கி உருவிவிடுவதுதான் ஆபத்து. அதிலும் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம், அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை.

ஒத்தடத்தில் வேறொரு சிக்கல். வாதம் அடித்த பக்கம் பலருக்கு உணர்ச்சி குறைந்திருக்கும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துக் குளிரில் சுடுதண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துப் படுக்க வைப்பார்கள், அடுப்புக்குக் கிட்ட உட்கார வைப்பார்கள். சுடுவது அவருக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால் கொப்புளம். குளிர் தசையை இன்னும் இறுக்கும் என்பது சரிதான், ஆனால் அதற்குக் கம்பளி, காலுறை, சுவெட்டர் போதும்.

புறா ரத்தத்தால் வாதம் தீராது. புறாவும் பாவம். ஆயுர்வேதம் செய்ய விரும்பினால் பதிவுபெற்ற வைத்தியரிடம் போங்கள். எதைச் செய்தாலும் பிரஷர் குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். "நாட்டு மருந்து குடிக்கிறார், அதனால் இங்கிலிஸ் மருந்தை நிறுத்திவிட்டோம்" என்ற வீடுகளுக்கு இரண்டாவது வாதமும் வந்ததைப் பார்த்திருக்கிறோம்.

கையில் பந்து கொடுத்து அமுக்கச் சொல்லலாமா?

கை சோர்ந்து கிடந்தால் ஒரு கதை, விரல்கள் தானாக மடங்கி இறுகியிருந்தால் வேறு கதை. இறுகிய கைக்குப் பிடிக்கும் பயிற்சி தேவையில்லை, விரிக்கும் பயிற்சிதான் தேவை. பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் இறுக்கம் கூடலாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லட்டும்.

லயத்தில் படி, கான், சரிவு, ஈரக்கல். இங்கே எப்படி நடக்கப் பழகுவது?

வைத்தியசாலையில் கொடுக்கும் நாலுகால் நடைச்சட்டம் சீமெந்துத் தரைக்குச் சரி. லயத்து வாசலில் கானைத் தாண்டி, நாலு கல்படி இறங்கி, சரிவில் போக அது உதவாது. காம்பராவுக்குள்ளும் இஸ்தோப்பிலும் அதை வைத்துப் பழகிவிட்டு, வெளியே போக ஊன்றுகோல் பழக்க முடியுமா என்று பிசியோவிடம் கேளுங்கள்.

ஊன்றுகோலை நல்ல பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் சுகமில்லாத பக்கத்தில்தான் முதலில் பிடிக்கிறார்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் சரியான உயரம். காட்டுக் கம்பு வெட்டிக் கொடுப்பதாக இருந்தாலும் இதே அளவு, முனையில் ரப்பர் கட்டாயம். மழை நாளில் பாசி பிடித்த கல்லில் ரப்பர் இல்லாத கம்பு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் சுகமில்லாத காலும் முதலில், நல்ல கால் பின்னால். கூடப் போகிறவர் ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது ஒரு படி முன்னாலும் நிற்கட்டும். செருப்பு என்றால் பின்வார் உள்ளது. பாட்டா ரப்பர் செருப்பு கழன்று விழவைக்கும்.

சக்கர நாற்காலியைச் செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்பக்கமாக இறக்குங்கள். முன்பக்கமாக விட்டால் ஆள் சரிந்து விழுவார்.

கக்கூஸ், குளியல், உடுப்பு. இதுதான் தினசரிச் சண்டை. வழி உண்டா?

இதுதான் தொழில்வழிச் சிகிச்சையின் மையம், நம் வீடுகளில் மனம் அதிகம் நோகும் இடமும் இதுதான். தன் மகளிடம் "என்னைக் கக்கூசுக்குக் கூட்டிப்போ" என்று கேட்க நேரும் ஒரு அப்பாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு மலச்சிக்கல், சிறுநீர்க் கிருமி.

குந்தி உட்காரும் கக்கூசுதான் பெரும்பாலான லயங்களில். பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி மேலே வைப்பது எல்லோரும் செய்வது. ஆனால் மெல்லிய கதிரையின் கால் ஈரத்தரையில் விரிந்து போகும். நாலு காலையும் பலகைச் சட்டத்தால் இணைத்து ஆணியடித்தால் நிற்கும். தோட்டத்தில் தச்சு வேலை தெரிந்தவர் இல்லாமலா இருப்பார்? பக்கச் சுவரில் ஒரு பைப்புத் துண்டைக் கைப்பிடியாகப் பதித்துவிடுங்கள், நல்ல கை இருக்கும் பக்கம். இரவில் வெளியே போக முடியாதவருக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே கதிரையின் கீழே வாளி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பீலித் தண்ணீரில் நின்று குளிப்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்து குளிக்கட்டும். தண்ணீரின் சூட்டை நல்ல கையால் அல்லது நீங்கள் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

உடுப்புக்கு ஒரே விதி: போடும்போது சுகமில்லாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பொத்தான் முன்னால் உள்ள சட்டை, இடுப்பில் நாடாவுக்குப் பதில் இலாஸ்டிக். சேலை கட்டிப் பழகிய அம்மாக்கள் வீட்டில் நைட்டிக்கு மாறலாம். "இதெல்லாம் என்னத்துக்கு, நானே போட்டுவிடுகிறேன்" என்று அவசரத்தில் நீங்களே முடித்துவிட்டால் அன்றைய பயிற்சி போயிற்று. மலைக்குப் போக நேரமாகும் காலையில் இது கஷ்டம், தெரியும். பின்னேரம் உடுப்பு மாற்றுவதையாவது அவரிடம் விட்டுவிடுங்கள்.

கைக்கு வேலை வேண்டுமென்றால் அடுப்படியே போதும். ரொட்டிக்கு மாப் பிசையும்போது இரண்டு கையையும் மாவில் வைத்து, நல்ல கையால் மற்றதை அழுத்திப் பிசையலாம். பலகையில் இரண்டு ஆணியைத் தலைகீழாக அடித்து, அதில் உருளைக்கிழங்கைக் குத்தி வைத்தால் ஒரு கையாலேயே தோல் சீவலாம். கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பிடி தடித்து, விரலுக்கு அகப்படும். கொழுந்து எடுத்த அம்மா என்றால் அதைச் சிகிச்சையாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் அந்த அசைவை வைத்தே பயிற்சி அமைக்கலாம். வாழ்நாள் முழுக்கச் செய்தது என்பதால் அவருக்கும் ஆர்வம் வரும்.

சாப்பிடும்போது இருமுகிறார். தண்ணீர் சரியாகக் குடிக்காததால்தானே?

அப்படி விட்டுவிடாதீர்கள். விழுங்கும் தசைகள் பலவீனமானால் உணவும் தண்ணீரும் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அதிலிருந்து வருவது நியூமோனியா. வாதத்திலிருந்து தப்பியவர்களை அதற்குப் பிறகு கொண்டுபோவதில் இதற்கும் பெரிய பங்கு உண்டு. இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் சோறு தங்குவது, அடிக்கடி காய்ச்சல் வருவது, இதில் எது இருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கும், அதுதான் இன்னும் மோசம்.

காட்டும்வரை கவனிக்க வேண்டியவை: நேராக உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்தபடி ஒரு வாய் கூட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டாதீர்கள். சின்னக் கரண்டி, ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்தது. ஊட்டும்போது கேள்வி கேட்கக் கூடாது, டீவியையும் நிறுத்துங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

பலருக்குக் கஷ்டமாக இருப்பது தண்ணீர், பிளேன் டீ போன்ற நீர்த்தவைதான். தொண்டையில் வேகமாக ஓடிவிடும். கட்டியாகக் காய்ச்சிய கூழ், பருப்போடு நன்றாகக் குழைத்த சோறு பலருக்கு இலகு. உதிரிச் சோறும் காய்ந்த ரொட்டியும் கஷ்டம். தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் பாதுகாப்பு என்று நினைப்போம். கட்டியும் நீரும் கலந்து வாயில் பிரிவதால் அது பலருக்கு மிகக் கஷ்டமான ஒன்று. யாருக்கு எந்தப் பதம் என்பது சோதித்துப் பார்த்தபின் சிகிச்சையாளர் சொல்ல வேண்டியது.

மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தால், ஆசைக்கு என்று வாயில் எதையும் வைக்காதீர்கள். பாசம்தான், புரிகிறது. பல் விளக்கி வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். அழுக்கு எச்சில் உள்ளே இறங்கினாலும் நியூமோனியா வரும்.

அம்மா பேசவில்லை, உளறுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டால் சொல் வராது, அல்லது தண்ணீர் என்பதற்குக் கதவு என்று வரும், சிலருக்கு நாம் சொல்வதும் சரியாக விளங்காது. யார் மகன், யார் பேத்தி, வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துதான் இருக்கும். இன்னொரு வகையில் மொழி சரியாக இருக்கும், நாக்கும் உதடும் ஒத்துழைக்காமல் சொல் குழறும். இரண்டுக்கும் பயிற்சி வேறு, அதனால்தான் பரிசோதனை முக்கியம்.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "தேத்தண்ணி வேணுமா?" என்று கேளுங்கள், ஆம் இல்லை என்று தலையாட்டட்டும். கேட்டபின் பொறுத்திருங்கள், பத்து எண்ணும்வரை. நாம் பாதியில் சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். பழைய கலண்டர் அட்டையில் கக்கூஸ், தண்ணீர், வலி, கம்பளி, பேரப்பிள்ளைகளின் படங்களை ஒட்டி வைத்தால் தொட்டுக் காட்டுவார். காதில் சத்தமாகக் கத்தாதீர்கள், காது அடிபடவில்லை.

ஒரு சொல் கூட வராதவர் ஒன்று இரண்டு எண்ணுவதும், கிழமைகளைச் சொல்வதும், கோயில் பஜனையில் சேர்ந்து பாடுவதும் உண்டு. பழக்கமாகிப்போன வரிகள் வேறு வழியாக வருகின்றன. அதைக் கேட்டு "பாடத் தெரியுது, பேச மட்டும் தெரியாதா, நடிப்பு" என்று சொன்ன மருமக்களும் இருக்கிறார்கள். நடிப்பில்லை. அந்தப் பாட்டிலிருந்து பேச்சுக்கு வர வழி தேடலாம்.

சிகிச்சை தருகிற மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்வது?

பிசியோவில் இதைச் சமாளிக்கலாம், கையால் காட்டிவிடலாம். பேச்சுச் சிகிச்சையில் சமாளிக்க முடியாது. நோயாளி சொன்ன சொல் சரியா பிழையா என்பதையே அந்த மொழி தெரியாதவர் காதால் பிடிக்க முடியாது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. கிளினிக் அறைக்குள் நிலைமை இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இது நோயாளியின் குறையுமல்ல, பெரும்பாலும் அந்த மிஸ்ஸின் குறையுமல்ல.

தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் வேறு நாளில் வருகிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையை வேண்டாம். வீட்டில் தினமும் புழங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி, சிங்களத்தில் பொருளையும் எழுதிக் கொண்டுபோங்கள். பயிற்சிக்கு எந்தச் சொல்லை எடுப்பது என்று அவர் அதிலிருந்து தெரிவுசெய்யலாம். நோயாளி வீட்டில் பேசுவதைப் போனில் பதிவுசெய்து கொண்டுபோவதும் நல்லது. புது இடத்தில் வாயே திறக்காதவர்கள் அதிகம்.

பிள்ளைக்கு இரண்டு வயது, இன்னும் பேசவில்லை. அப்பாவும் லேட்டாகத்தான் பேசினாராம்.

அப்பா கதை இருக்கட்டும். பதினெட்டு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த சொல் மறைந்துபோகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது சோதனை. குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதாரக் கொப்பியைக் காட்டினால் அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவார். அம்மா வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் என்ற வீடுகளில் போன்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது. போன் பேசும், பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள், நாளின் பெரும்பகுதி அவரோடுதானே.

சீனி வருத்தத்தால் காலை எடுத்துவிட்டார்கள். பொய்க்கால் கிடைக்குமா?

கிடைக்கும். கொழும்பில் ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் பல வருடங்களாக ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைச் செய்து கொடுக்கிறது, குண்டசாலைப் பக்கமும் செயற்கைக் கால் செய்யும் நிலையம் உண்டு. கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். ஆனால் கால் பொருந்துமா என்பது அதற்கு முந்திய வாரங்களில் முடிவாகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தால், வசதிக்காக முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கும் பழக்கம் வேண்டாம், மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். காட்டிக்கொடுத்த மாதிரிக் கட்டுப்போட்டு வந்தால் வீக்கம் வற்றி வடிவம் வரும். மற்றக் காலைத் தினமும் விரலிடுக்குவரை பாருங்கள், அதையாவது காப்பாற்ற வேண்டும்.

கொழுந்து எடுக்கிற எனக்கு முதுகும் தோளும் எப்போதும் வலி. இதற்கும் பிசியோவா?

ஆம். ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி பிசியோவுக்கு எழுதிக் கேளுங்கள். படுத்தே கிடப்பது தீர்வல்ல. கால் மரத்தல், சிறுநீர் மலம் கட்டுப்பாடில்லாமல் போதல் இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

பயிற்சி செய்யச் சொன்னால் கோபப்படுகிறார், அழுகிறார்.

சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். வாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. கிளினிக்கில் இதையும் சொல்லுங்கள். "குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்" என்று அடிக்கடி சொல்பவரைத் தனியே விட வேண்டாம். பராமரிக்கிறவரும் மனிதர்தான், கிழமைக்கு ஒரு பின்னேரமாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

தனியாரிடம் போவது நல்லதா?

காசிருந்தால் போகலாம். வீட்டுக்கே வருகிறேன் என்று வருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்தவரா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவே பதில். "பத்து நாளில் நடக்க வைக்கிறேன்" என்பவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

வேலை போய்விட்டது. ஏதாவது உதவி?

வேலை செய்யும்போது ஏற்பட்ட காயம் என்றால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். விபத்தை அன்றே தோட்ட ஒபிசில் பதிய வைத்து, அதன் பிரதியை வாங்கி வையுங்கள். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியச் சான்றிதழ் இருந்தால் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும் முன்பே எடுக்க முடியும். சக்கர நாற்காலி, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், கிராம சேவகரின் கடிதத்தோடு. அடையாள அட்டையில் பெயர் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருப்பது நம் ஆட்களுக்கு வழக்கம். அதை முதலில் சரிசெய்யத் தொடங்குங்கள், அதிலேயே மாதங்கள் போகும்.

திரும்பவும் வாதம் வந்தால் எப்படித் தெரியும்?

முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்கினால் விழும், பேச்சு குழறும். இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொருந்தக்கூடியவர்களுக்கு, தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, அதனால் அம்புலன்ஸில் வருபவர்களிடம் "வாதம் மாதிரி இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை, அல்லது கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்ற வேண்டாம். லயம்வரை வாகனம் வராத தோட்டம் என்றால், ஆளைத் தூக்கிக்கொண்டு எந்த முடக்குவரை வருவது என்பதை இன்றைக்கே பக்கத்து வீட்டாரோடு பேசி முடிவெடுத்து வையுங்கள்.